யூஎஸ்பி வைஃபை அடப்டர் அடிக்கடி இணைப்பை விடுகிறது (மேசைக் கணினி, விண்டோஸ் 10)

நிலாமுற்றம், கோண்டாவில்

வணக்கம். தம்பி இந்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதுகிறான். பௌதிகவியல் வகுப்பு இரவில் சூம் வழியாக நடக்கிறது. எங்கள் மேசைக் கணினிக்குள் வைஃபை இல்லை. யூஎஸ்பியில் செருகும் விரல்நுனி அளவு அடப்டர் ஒன்றைப் போட்டிருக்கிறோம். ஆசிரியர் கணக்கைப் பாதி செய்துகொண்டிருக்கும்போதே படம் உறைந்து நின்றுவிடுகிறது. சில வேளை சிறிது நேரத்தில் தானாகவே பிடித்துக்கொள்ளும். சில வேளை அடப்டரைக் கழற்றி மறுபடி செருகினால்தான் உண்டு.

வீடு பழைய நாற்சார் வீடு. ரவுட்டர் முன் விறாந்தையில் இருக்கிறது; கணினி முற்றத்துக்கு அப்பால் பக்க அறையில். அதே மேசையில் வைத்த கைத்தொலைபேசியில் அதே வைஃபை ஒழுங்காக வேலை செய்கிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தோம். டிரைவரை நீக்கி மறுபடி நிறுவினோம். கடையில் கேட்டால், "அடப்டர் பழுது, புதியது வாங்குங்கள்" என்கிறார்கள். புதியதும் இதையே செய்தால்? காரணம் தெரியாமல் காசைக் கொட்ட மனம் வரவில்லை. அடப்டர் 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும், 150 மெகாபிட் வகை.

சுன்னாகத்தான்

முதலில் மின்சேமிப்பை நிறுத்துங்கள். டிவைஸ் மேனேஜரில் அடப்டரின் பெயரை இரு முறை சொடுக்கினால் பவர் மேனேஜ்மென்ட் என்ற பக்கம் வரும். மின்சாரத்தைச் சேமிக்கக் கணினி இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்று ஒரு வரி இருக்கும். அதன் சரிக்குறியை எடுத்துவிடுங்கள். அதே பட்டியலில் உள்ள யூஎஸ்பி ரூட் ஹப் எல்லாவற்றுக்கும் இதையே செய்யுங்கள். பிறகு கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதையும் முடக்குங்கள். பாதிப் பேருக்கு இதோடு சரியாகிவிடும்.

பனங்கூடல், யாழ் நகர்

சுன்னாகத்தான் சொன்னதைச் செய்யுங்கள், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு முன் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். "இணைப்புப் போய்விட்டது" என்று நாம் சொல்வது மூன்று வெவ்வேறு நோய்களுக்குப் பொதுவான பெயர். மூன்றுக்கும் மருந்து வேறு. எது என்று தெரியாமல் மருந்து கொடுப்பதால்தான் நல்ல அடப்டர்கள் குப்பைக்குப் போகின்றன. கணினி திருத்தும் வேலையில் இருக்கிறேன். மக்கள் பழுது என்று கொண்டு வரும் அடப்டர்களில் பலவற்றை என் மேசையில் செருகினால் நாள் முழுக்க வேலை செய்கின்றன.

முதல் வகை: அடப்டரே கணினியிலிருந்து விழுந்துவிடுவது. பென் டிரைவைக் கழற்றும்போது விண்டோஸ் ஒரு ஒலி எழுப்புமே, அதே ஒலி யாரும் தொடாமலே கேட்கும். திரையின் மூலையில் வைஃபை சின்னம் மறைந்து பூகோளச் சின்னம் வரும். டிவைஸ் மேனேஜரில் அடப்டரின் பெயரே இருக்காது. இது வைஃபை பிரச்சினையே அல்ல. மின்சாரம், செருகுவாய், கேபிள், சூடு, இவற்றில் ஒன்று. ரவுட்டரில் என்ன மாற்றினாலும் பயன் இல்லை.

இரண்டாம் வகை: அடப்டர் இருக்கிறது, வைஃபை சின்னமும் இருக்கிறது, ஆனால் ரவுட்டரோடு பேச்சு அறுந்துவிடுகிறது. இது வானொலி அலை சம்பந்தப்பட்டது, அல்லது டிரைவர், அல்லது ரவுட்டரின் அமைப்பு.

மூன்றாம் வகை: ரவுட்டர் வரை எல்லாம் சரி, அதற்கு அப்பால் இணையம் இல்லை. இது வீட்டுக்கு வரும் லைன்.

பிரித்தறிவது கடினம் அல்ல. கட்டளைச் சாளரம் இரண்டைத் திறந்து, ஒன்றில் பிங் கட்டளையை (மறுமுனையிலிருந்து பதில் வர எடுக்கும் நேரத்தைக் காட்டுவது) ரவுட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1), மற்றதில் இணையத்தில் உள்ள கூகுளின் முகவரியான 8.8.8.8 என்பதற்கும் ஓட விடுங்கள். கட்டளையின் கடைசியில் ஒரு சிறு கோடும் ஆங்கில டி எழுத்தும் சேர்த்தால் நிறுத்தும் வரை ஓடும். படம் உறையும் கணத்தில் இரண்டையும் பாருங்கள். ரவுட்டர் பதில் தருகிறது, 8.8.8.8 தரவில்லை என்றால் மூன்றாம் வகை. இரண்டும் சேர்ந்து நின்றால் முதல் இரண்டில் ஒன்று. அந்த இரண்டில் எது என்பதை ஒலி சொல்லிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையோடு திறந்து "நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ டபிள்யூலேன்ரிப்போர்ட்" (netsh wlan show wlanreport) என்பதை ஆங்கில எழுத்தில் தட்டினால், கடந்த 3 நாட்களின் வைஃபை வரலாற்றை விண்டோஸ் ஒரு பக்கமாக எழுதித் தரும். எப்போது இணைந்தது, எப்போது விட்டது, என்ன காரணம் என்று நேரத்தோடு இருக்கும். துண்டிப்பு நேரங்களுக்கு இடையிலான இடைவெளியைக் கவனியுங்கள். மணிக்கொரு முறை தவறாமல் விழுந்தால் ரவுட்டரின் குழு மறைச்சாவி புதுப்பிப்பை, அதாவது எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவான மறைச்சாவியை ரவுட்டர் அவ்வப்போது மாற்றுவதை, சந்தேகிக்கலாம். பல ரவுட்டர்களில் அது 3600 செக்கன் என்று வைக்கப்பட்டிருக்கும். ஒழுங்கில்லாமல் விழுந்தால் வேறு கதை.

இவற்றைப் பார்த்து எழுதுங்கள் தங்கச்சி. அதுவரை எதுவும் வாங்க வேண்டாம்.

மின்கம்பி

இங்கே மின்னழுத்தம் ஏறி இறங்குவது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. 230 வோல்ட் என்று பெயர். மாலையில் எல்லா வீட்டிலும் நீர்ப்பம்பி போட்டவுடன் மின்குமிழ் மங்குகிறது. ஒரு யூபிஎஸ் வாங்குங்கள், பிரச்சினை தீரும்.

பனங்கூடல், யாழ் நகர்

யூபிஎஸ் நல்ல பொருள்தான். ஆனால் இந்தப் பழுதுக்கு அது மருந்தாகுமா என்று யோசியுங்கள். மின்னழுத்தத்தின் சிறு ஏற்ற இறக்கத்தைக் கணினியின் மின்வழங்கி தானே சமாளித்து 5 வோல்ட்டை ஒழுங்காகக் கொடுக்கும். தாங்க முடியாத அளவு இறங்கினால் கணினி முழுவதும் அணையும். அடப்டர் மட்டும் விழாது. ரவுட்டரின் மின் அடப்டர் பலவீனமாகி ரவுட்டர் தடுமாறுகிறது என்று வைத்துக்கொண்டால் கைத்தொலைபேசியும் சேர்ந்து விட்டிருக்க வேண்டும். அது விடவில்லை என்று அவர் தெளிவாக எழுதியிருக்கிறார்.

தீவகத்தான், வேலணை

செருகுவாயின் உள்ளே ஒருமுறை டோர்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் பக்கம் உப்புக்காற்று. நாலு பக்கமும் கடல் என்பதால் கணினியின் வாய்கள் எல்லாம் கெதியில் கெட்டுவிடும். யூஎஸ்பி வாய்க்குள் நான்கு உலோகத் தகடுகள் இருக்கும். அவை மஞ்சளாக மினுங்க வேண்டும். நடுவில் கறுத்தோ, ஓரத்தில் பச்சை பூத்தோ இருந்தால் தொடுகை சரியில்லை. ஓரத்தில் உள்ள இரண்டும்தான் மின்சாரத்துக்கு உரியவை. பூஞ்சணம் போலப் பச்சை படிவதை அந்த இரண்டிலும்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். கணினியை அணைத்து, மின் செருகியைச் சுவரிலிருந்து கழற்றிய பிறகு, ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த மெல்லிய தூரிகையால் மெதுவாகத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பின்பே போட வேண்டும். மணல்தாள் கொண்டு தேய்க்க வேண்டாம். மேலே உள்ள மெல்லிய பொன் பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் இன்னும் மோசமாகும்.

கோண்டாவில் கடலோரம் இல்லைதான், என்றாலும் பார்ப்பதில் நட்டம் இல்லை.

வல்லைவெளி

பலாலி விமான நிலையத்தின் ராடார் காரணமாக இருக்கலாமோ? விமானம் வந்து போகும் இடத்தில் வைஃபை விடும் என்று எங்கோ வாசித்தேன்.

பனங்கூடல், யாழ் நகர்

அந்தச் செய்திக்கு அடிப்படை உண்டு, ஆனால் இங்கே பொருந்தாது. 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் 52 முதல் 144 வரையான சேனல்களை ராடார்களும் பயன்படுத்துகின்றன. ஆகவே ராடார் அலையைக் கண்டால் ரவுட்டர் அந்தச் சேனலை விட்டு விலக வேண்டும் என்பது விதி. விலகும்போது எல்லோருடைய இணைப்பும் ஒரு கணம் அறும். இவருடைய அடப்டர் 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும். அதற்கு இந்த விதி இல்லை. 5 கிகாஹேர்ட்ஸ் பாவிக்கிறவர்கள் திடீர்த் துண்டிப்பைக் கண்டால் ரவுட்டரில் 36 முதல் 48 வரையான சேனல்களில் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம்.

நிலாமுற்றம், கோண்டாவில்

எல்லோருக்கும் நன்றி. நேற்று வகுப்பு நேரம் முழுவதும் பக்கத்தில் இருந்து கவனித்தேன்.

பனங்கூடல் அண்ணா, உங்கள் வகைகளில் ஒன்று அல்ல, இரண்டு எங்கள் வீட்டில் இருக்கின்றன. முதலில் அந்த ஒலி கேட்டது. யாரும் கணினியைத் தொடவில்லை. தம்பி கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பினான், அவ்வளவுதான். பூகோளச் சின்னம் வந்தது. டிவைஸ் மேனேஜரில் அடப்டர் இல்லை. கழற்றிச் செருகிய பிறகே வந்தது.

பிறகு இன்னொரு முறை படம் உறைந்தபோது ஒலி இல்லை, சின்னமும் மாறவில்லை. ஆனால் ரவுட்டருக்கான பிங் சாதாரணமாக 3, 4 மில்லிசெக்கன் காட்டுவது 900க்கு மேல் போய், பிறகு பதிலே இல்லாமல் நின்றது. அந்த நேரத்தில் தம்பி பழைய வினாத்தாள்களை வெளி வன்தட்டிலிருந்து கணினிக்குப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தான். பிரதி முடிந்ததும் பிங் பழையபடி இறங்கியது. இது தற்செயலா?

அடப்டர் கணினிப் பெட்டியின் முன்பக்கத்தில் செருகப்பட்டிருக்கிறது. வன்தட்டின் கேபிள் அதற்குப் பக்கத்து வாயில், நீல நிற வாய். மின்சேமிப்புச் சரிக்குறிகளை எடுத்துவிட்டேன். செருகுவாயில் பச்சை ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அடப்டரை விரலால் தொட்டால் ஆடுகிறது, நன்றாகச் சுடுகிறது.

பனங்கூடல், யாழ் நகர்

தற்செயல் அல்ல. மிக நல்ல அவதானிப்பு. இந்த ஒரு பதிவில் இரண்டு பழுதும் அகப்பட்டுவிட்டன.

ஆடும் அடப்டர் முதலில். பெட்டியின் முன்பக்க வாய்கள் நேரடியாகத் தாய்ப்பலகையில் இல்லை. உள்ளே ஒரு மெல்லிய கேபிள் வழியாக வருகின்றன. பென் டிரைவை ஆயிரம் தடவை செருகிக் கழற்றுவதும் அந்த வாய்களில்தான், ஆகவே பிடி தளர்ந்து போகும். யூஎஸ்பி 2.0 வாய் ஒன்று தரக்கூடியது 500 மில்லிஅம்பியர். அடப்டர் அலை அனுப்பும் கணங்களில் மின்சாரத்தைச் சட்டென்று கூடுதலாக இழுக்கும். தளர்ந்த தொடுகையில் அந்தக் கணம் மின்னழுத்தம் இறங்கும், அடப்டர் மயங்கிவிடும். கதிரை தள்ளிய அதிர்வே போதுமாக இருந்திருக்கிறது.

ஆகவே பின்பக்கத்துக்கு மாற்றுங்கள். தாய்ப்பலகையிலேயே பற்றவைத்த வாய்கள் அங்கே இருக்கின்றன. கறுப்பு நிற யூஎஸ்பி 2.0 வாய் இருந்தால் அதுவே நல்லது.

இனி வன்தட்டு. நீல வாய் என்றால் யூஎஸ்பி 3.0. அதன் தரவு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும்போது கேபிளிலிருந்தும் செருகியிலிருந்தும் ஒரு வானொலி இரைச்சல் கசியும். அந்த இரைச்சல் 2.4 முதல் 2.5 கிகாஹேர்ட்ஸ் வரையான இடத்திலும் விழுகிறது. வைஃபை, புளூடூத், கம்பியில்லா மவுஸ் எல்லாம் குடியிருக்கும் இடம் அதுதான். இன்டெல் நிறுவனம் 2012இல் இதை அளந்து ஓர் அறிக்கையே வெளியிட்டது. வன்தட்டு சும்மா இருக்கும்போது பாதிப்புக் குறைவு. பிரதி எடுக்கும்போது அடப்டரின் காதை அடைத்துவிடும். ரவுட்டர் எவ்வளவு உரக்கப் பேசினாலும் கேட்காது. கைத்தொலைபேசி ஒரு முழம் தள்ளி இருப்பதால் தப்பிவிடுகிறது. விரலளவு அடப்டருக்குள் அன்டெனாவும் விரல்நுனிக்குள்ளேயே இருப்பதால் அந்த வாயை ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

இரண்டுக்கும் சேர்த்து ஒரு மலிவான வழி இருக்கிறது. ஒரு மீற்றர் அளவு யூஎஸ்பி 2.0 நீட்டிப்புக் கேபிள் ஒன்று வாங்கி, பின்பக்க வாயில் செருகி, அடப்டரை முற்றத்துப் பக்கம் உள்ள யன்னலோரம் வையுங்கள். பழைய வீட்டுச் சுவர்கள் சுண்ணாம்புக் கல்லில் கட்டிய தடித்த சுவர்கள். அலையை அவை விழுங்கிவிடும். யன்னலிலிருந்து முற்றம் வழியாக விறாந்தைக்குப் பார்வை நேராகப் போகும் என்று நினைக்கிறேன். பெட்டியின் பின்னால் சுவரோடு ஒட்டிக் கிடந்து சூடாகவும் மாட்டாது.

சுன்னாகத்தான்

கேபிள் நீளமாக இருந்தால் இன்னும் வசதி அல்லவா? 5 மீற்றர் கேபிள் கடைகளில் கிடைக்கிறது. ரவுட்டருக்குக் கிட்டவே கொண்டுபோய் விடலாமே.

பனங்கூடல், யாழ் நகர்

வேண்டாம். யூஎஸ்பி 2.0க்கு ஆகக் கூடிய கேபிள் நீளமே 5 மீற்றர்தான், அதுவும் நல்ல தடிப்பான கம்பி உள்ளே இருந்தால். மலிவான நீளக் கேபிள்களில் மயிரிழைக் கம்பிதான் இருக்கும். கிணற்றிலிருந்து தோட்டத்தின் கடைசி மூலைக்கு ஒடுங்கிய குழாயில் தண்ணீர் விட்டால் பம்பி முழு வேகத்தில் ஓடினாலும் மூலைப் பாத்திக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். 5 வோல்ட்டும் அப்படித்தான். கடைசியில் நாலரைக்குக் கீழே வந்துவிட்டால் முதல் வகைப் பழுதைக் காசு கொடுத்து வாங்கியதாகிவிடும். ஒன்று அல்லது ஒன்றரை மீற்றர் போதும்.

கரவெட்டியான்

வைஃபையை விட்டுவிட்டு ஒரேயடியாக வலைக் கேபிள் இழுத்துவிடுங்கள். பரீட்சைப் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தச் சோதனை எல்லாம் செய்துகொண்டிருக்க நேரம் ஏது? கேட் 6 கேபிள் 100 மீற்றர் வரை போகும். ரவுட்டருக்குப் பின்னால் நான்கு வாய் சும்மா கிடக்கிறது.

பனங்கூடல், யாழ் நகர்

நல்ல யோசனை, முடிந்தால் அதுதான் சிறந்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். முற்றத்துக்குக் குறுக்கே வெளியே கேபிளைத் தொங்க விடக் கூடாது. ஒக்டோபர், நவம்பரில் இடி மின்னல் வரும் காலம். கிட்ட எங்கேயாவது மின்னல் இறங்கினால் வெளியே கிடக்கும் செப்புக் கம்பியில் தூண்டப்படும் மின்னழுத்தம் ஒரு முனையில் ரவுட்டரையும் மறுமுனையில் தாய்ப்பலகையையும் சேர்த்துச் சுட்டுவிடும். கேபிள் கூரைக்கு உள்ளால், சுவரை ஒட்டி, மின்சார வயரிலிருந்து விலகிப் போக வேண்டும். நாற்சார் வீட்டில் நான்கு பக்கமும் தாழ்வாரம் இருப்பதால் சுற்றிக்கொண்டு போகலாம். நீளம் கூடும், பரவாயில்லை.

திருநெல்வேலி மாணவன்

சேனலையும் பார்க்கச் சொல்லுங்கள் அண்ணா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீதியில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ரவுட்டர். கைத்தொலைபேசியில் வைஃபை அலசும் செயலியைப் போட்டுப் பார்த்தால் எல்லோரும் 6ஆம் சேனலில் குவிந்திருக்கிறார்கள். நான் எவரும் இல்லாத 3ஆம் சேனலுக்கு மாறினேன். ஆனாலும் வேகம் கூடவில்லை. ஏன்?

பனங்கூடல், யாழ் நகர்

3ஆம் சேனலில் யாரும் இல்லை என்பது செயலியின் படத்தில் மட்டும்தான் உண்மை. 2.4 கிகாஹேர்ட்ஸில் சேனல்கள் 5 மெகாஹேர்ட்ஸ் இடைவெளியில் நிற்கின்றன, ஆனால் ஒவ்வொரு ரவுட்டரும் எடுத்துக்கொள்ளும் அகலம் 20 மெகாஹேர்ட்ஸ். 3இல் உட்கார்ந்தால் 1இல் உள்ளவரின் காலையும் மிதிக்கிறீர்கள், 6இல் உள்ளவரின் காலையும் மிதிக்கிறீர்கள். அதே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருப்பார்கள்; பாதி மேலே விழுபவர்களுக்கு அந்த ஒழுங்கும் இல்லை, வெறும் இரைச்சல்தான். 1, 6, 11 என்ற மூன்றும்தான் ஒன்றோடொன்று உரசாதவை. அவற்றில் பலமான அயலவர் குறைந்த ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். அகலத்தை 40 என்று வைத்திருந்தால் 20க்கு இறக்குங்கள். வீதியில் எல்லோரும் 40 போட்டால் எல்லோருக்கும்தான் கேடு.

நிலாமுற்றத்துக்கும் இது பொருந்தும், ஆனால் கடைசியாகச் செய்தால் போதும். ஒரே நேரத்தில் நான்கை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும்.

ஊரெழு77

டிரைவரைப் புதுப்பிக்கும் மென்பொருள் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் போட்டால் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும்.

பனங்கூடல், யாழ் நகர்

தயவுசெய்து அந்தப் பக்கம் போக வேண்டாம். அந்த வகை மென்பொருள்கள் பொருந்தாத டிரைவரைத் திணித்து, கூடவே விளம்பரங்களையும் வேறு தேவையற்றவற்றையும் உள்ளே விட்ட கணினிகள் எத்தனையோ என்னிடம் வந்திருக்கின்றன. டிரைவர் வேண்டுமென்றால் அடப்டரைத் தயாரித்தவரின் தளத்திலிருந்து எடுக்க வேண்டும், அல்லது விண்டோஸ் அப்டேட் தருவதைப் பாவிக்க வேண்டும். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியது என்றால் டிவைஸ் மேனேஜரில் டிரைவர் பக்கத்தில் ரோல் பேக் என்ற பொத்தான் இருக்கிறது, பழையதற்குத் திரும்பலாம்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது என்பதையும் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக்காகவாவது அடுத்த ஏற்பாட்டை யோசிக்க வேண்டும். இந்தப் பழுதுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

நிலாமுற்றம், கோண்டாவில்

அண்ணா, நீங்கள் சொன்ன ஒழுங்கிலேயே ஒவ்வொன்றாகச் செய்தோம்.

முதலில் அடப்டரைப் பின்பக்கக் கறுப்பு வாய்க்கு மாற்றினேன், வேறு எதையும் தொடவில்லை. அந்த ஒலி அதோடு நின்றுவிட்டது. தம்பி மேசையைக் கையால் தட்டியும் பார்த்தான், அடப்டர் விழவில்லை. ஆனால் வன்தட்டு ஓடும்போது பிங் ஏறுவது தொடர்ந்தது, முன்னரை விடச் சற்றுக் குறைவு.

பிறகு கேபிள் வாங்கி அடப்டரை யன்னல் கம்பியில் கட்டினோம். வன்தட்டிலிருந்து பெரிய கோப்பு ஒன்றைப் பிரதி எடுத்துக்கொண்டே பிங் பார்த்தேன். 3, 4, 3, 5 என்று அசையாமல் ஓடியது. வைஃபை சின்னத்தில் முன்பு இரண்டு கோடு, இப்போது முழுவதும். அடப்டர் தொட்டால் சூடும் குறைந்திருக்கிறது.

விண்டோஸ் எழுதித் தரும் அந்த அறிக்கையையும் திறந்து பார்த்தேன். பழைய நாட்களில் சிவப்புப் புள்ளிகள் நிறைய. இந்த மாற்றத்துக்குப் பிறகு வகுப்பு நேரங்களில் ஒன்றும் இல்லை. சேனலை இன்னும் மாற்றவில்லை, 6இலேயே இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

பனங்கூடல், யாழ் நகர்

மிக்க மகிழ்ச்சி. பிங் அசையாமல் ஓடும் வரை சேனலைத் தொட வேண்டாம். யன்னலோரம் மழைச் சாரல் அடிக்கும் என்றால் அடப்டரைச் சற்று உள்ளே இழுத்து வையுங்கள். மார்கழி மழையில் நனைந்துவிடும்.

தம்பியிடம் சொல்லுங்கள்: வகுப்பு நடக்கும்போது வன்தட்டில் வேலை இல்லாவிட்டால் கழற்றி வைப்பது எப்போதும் நல்லது. கடையில் மறுபடி வாங்கும் நிலை எப்போதாவது வந்தால், இரு அலைவரிசையும் உள்ள, வெளியே அன்டெனா நீட்டிய வகையைக் கேளுங்கள். 5 கிகாஹேர்ட்ஸில் வன்தட்டின் இரைச்சலும் இல்லை, அயலவர் நெரிசலும் குறைவு. ஆனால் சுவரைத் துளைக்கும் ஆற்றல் 2.4ஐ விடக் குறைவு என்பதால் உங்கள் வீட்டில் அதையும் யன்னலில்தான் வைக்க வேண்டியிருக்கும்.

திருநெல்வேலி மாணவன்

இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன் அண்ணா. என் மடிக்கணினியில் விண்டோஸ் இல்லை, உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம். உள்ளே இருந்த வைஃபை அட்டை பழுதானதால் யூஎஸ்பி அடப்டர்தான். சும்மா விட்டால் சில நிமிடங்களில் மந்தமாகி விழுகிறது. எதையாவது தொடர்ந்து தரவிறக்கிக்கொண்டிருந்தால் விழுவதில்லை. நண்பன் புதிதாக வாங்கிய அடப்டரோ உபுண்டுவில் வைஃபையாகவே தெரியவில்லை, ஒரு சிறிய குறுந்தட்டு போலத் தெரிகிறது.

பனங்கூடல், யாழ் நகர்

உங்களுடையது மின்சேமிப்பு. வேலை இருக்கும்போது விழித்திருந்து, சும்மா இருக்கும்போது தூங்கிப்போகிறது. ஈடிசி கோப்புறைக்குள் நெட்வொர்க்மேனேஜர், அதற்குள் கான்ஃப்.டி என்று இருக்கும். அங்கே வைஃபை பவர்சேவ் பற்றிய ஒரு சிறு கோப்பு உண்டு. அதில் 3 என்று இருக்கும் எண்ணை 2 ஆக்கிச் சேமித்து, நெட்வொர்க்மேனேஜரை மறுபடி தொடக்குங்கள். 3 என்றால் மின்சேமிப்பு இயங்கும், 2 என்றால் முடங்கும். அதன் பிறகும் விழுந்தால் டிமெசேஜ் (dmesg) கட்டளையில் யூஎஸ்பி டிஸ்கனெக்ட் என்ற வரி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மேலே நிலாமுற்றத்துக்கு எழுதிய முதல் வகை, ஆகவே வாயையும் கேபிளையும் சோதியுங்கள்.

நண்பருடையது பழுது அல்ல. விண்டோஸ் டிரைவரைத் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டு, செருகியவுடன் முதலில் ஒரு குறுந்தட்டாக முகம் காட்டும் அடப்டர்கள் இருக்கின்றன. யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற பொதியை நிறுவினால் அது வைஃபையாக மாறும். அவசரத்துக்கு, கோப்பு மேலாளரில் அந்தக் குறுந்தட்டை வெளியேற்று என்று கொடுத்தாலும் பெரும்பாலும் மாறிவிடும். உள்ளே இருப்பது ரியல்டெக் 8811சியு அல்லது 8821சியு சிப் என்றால் லினக்ஸ் கருவில் (கேர்னல்) 6.2ஆம் பதிப்பிலிருந்துதான் ஆதரவு சேர்ந்தது. கருப் பதிப்பு அதற்கு முந்தியது என்றால் முதலில் அதைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். இனி வாங்கப் போகிறவர்கள் மீடியாடெக் எம்டி7612யு சிப் உள்ளதைத் தேடலாம், 4.19ஆம் பதிப்பிலிருந்து கருவிலேயே டிரைவர் இருக்கிறது, செருகினால் போதும். பெட்டியின் மேல் சிப்பின் பெயர் இருக்காது. கடையில் வைத்தே மடிக்கணினியில் செருகி, எல்எஸ்யூஎஸ்பி கட்டளை காட்டும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

திருநெல்வேலி மாணவன்

2 ஆக்கினேன், சும்மா விட்டும் விழவில்லை. நண்பனின் கரு 5.15. இன்று இரவு புதுப்பித்துவிட்டு எழுதுகிறேன்.

கரவெட்டியான்

தங்கச்சி, கேபிள் இழுக்கும் எண்ணம் வந்தால் சொல்லுங்கள். நெல்லியடியில் மின்வேலை செய்யும் தெரிந்த பிள்ளை ஒருவர் இருக்கிறார். தாழ்வாரம் வழியாக ஒழுங்காக அடித்துத் தருவார்.

நிலாமுற்றம், கோண்டாவில்

நன்றி அண்ணா. பரீட்சை முடிந்ததும் தாழ்வாரத்தை அளந்து நீளத்தை எழுதுகிறேன். இப்போதைக்கு தம்பி யாரையும் அறைக்குள் விடுவதாக இல்லை.